உறுதிமொழி எடுத்தது போதும், சாயங்காலம் கிரவுண்டை திறந்து விடுங்க

ஜூன் 26 வந்தா எல்லா ஸ்கூல்லயும் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டின்னு நடக்குது. நடத்துற டீச்சர்ஸ் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இதோட நம்ம கடமை முடிஞ்சுதுன்னு மிச்ச நாள் பூரா பசங்கள விட்டுடறோமே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

எங்க திருப்பூர் பக்கம் நெலமைய சொல்றேன். நாலு நாலரைக்கு ஸ்கூல் விடுது. அப்பா அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனில ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு லைன் வீட்டுக்கு வந்து சேர ராத்திரி எட்டரை ஒம்பது ஆயிடும். பாதிப்பேர் தெக்க இருந்து பொழைக்க வந்தவங்க, பாட்டி தாத்தா எல்லாம் ஊர்ல. அந்த நாலு மணி நேரம் பதிமூணு பதினாலு வயசுப் பையன் எங்க இருக்கான், யார் கூட இருக்கான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கூல் லிப்பும் (உதட்டுக்குள்ள ஒதுக்கிக்கிற புகையிலைப் பொட்டலம்) கஞ்சாவும் போதை மாத்திரையும் அந்த நேரத்துலதான் அவன் கைக்கு வருது, முதல் தடவை குடுக்கறது பெரும்பாலும் கூட சுத்துற பெரிய பையன்தான், அதுவும் காசு வாங்காம.

சட்டம் இல்லாம இல்லீங்க. குட்கா மாதிரி புகையிலைக்கு தமிழ்நாட்டுல 2013லயே தடை போட்டாச்சு. ஸ்கூல்லேருந்து 100 கெஜத்துக்குள்ள பீடி சிகரெட் விக்கக்கூடாதுன்னு 2003 சட்டம் சொல்லுது. சின்னப் பிள்ளைக்கு போதைப்பொருளோ புகையிலையோ குடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2015 சிறார் நீதிச் சட்டத்துல இருக்கு. கூல் லிப்பை நாடு முழுக்க ஏன் தடை பண்ணக்கூடாதுன்னு 2024ல மதுரை ஹைகோர்ட் கிளையே கேட்டுச்சு. கடைக்காரனை புடிக்கணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா ஒரு கடைய மூடினா ரெண்டு தெரு தள்ளி இன்னொன்னு வருது, அந்த நாலு மணி நேரம் மட்டும் அப்படியே காலியா கிடக்குது.

ஐஸ்லாந்துன்னு ஒரு குட்டி நாடு. 1998ல அங்க 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் அதுக்கு முந்தின ஒரு மாசத்துல குடிச்சு போதையானவங்க. 2016ல அது 5 சதவீதம். தினம் சிகரெட் புடிக்கறவங்க 23லேருந்து 3 சதவீதமா இறங்கினாங்க. பயமுறுத்தி பாடம் எடுத்து இதை சாதிக்கல. பசங்ககிட்டயே வருஷா வருஷம் சர்வே எடுத்து, அந்தந்த ஸ்கூல் ரிசல்ட்டை அந்தந்த ஸ்கூல் கையிலயே குடுத்தாங்க. அப்பா அம்மாவோட எவ்வளவு நேரம் இருக்கான், வாரத்துல எத்தனை நாள் கோச்சோட விளையாடறான், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றான், இதெல்லாம்தான் பையன் போதைக்கு போறானா இல்லையான்னு தீர்மானிக்குதுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் விளையாட்டு, மியூசிக், டான்ஸ் கிளப்புகளுக்கு பணத்தை கொட்டினாங்க, தலைநகர் ரெய்க்யவிக்ல ஒரு கட்டத்துல பிள்ளைக்கு வருஷம் 35,000 குரோனா வரைக்கும் கிளப் ஃபீஸ் கட்ட உதவி கெடச்சுது, ஏழை வீட்டுப் பிள்ளையும் போகணும்னு. 13லேருந்து 16 வயசுக்காரங்க குளிர்காலத்துல ராத்திரி 10 மணிக்கு மேல பெரியவங்க இல்லாம வெளிய சுத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அமெரிக்கால 1983லேருந்து போலீஸை கிளாஸுக்கு அனுப்பி பாடம் எடுக்க வெச்சாங்க, டேர்னு பேரு, கோடி கோடியா செலவு. அப்புறம் ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா அந்தப் பாடத்தால பெரிசா எந்த வித்தியாசமும் வரலைன்னு தெரிஞ்சுது.

"அது பணக்கார நாடு, நாலு லட்சம் பேருகூட இல்ல"ன்னு சொல்லுவீங்க. சரி, வடசென்னைக்கு வாங்க. 2024 கேரம் உலகக்கோப்பைல 3 தங்கம் வாங்கின காசிமா ஆட்டோ ஓட்டுற ஒரு அப்பாவோட பொண்ணு. அந்த அப்பாதான் அந்த ஏரியா பசங்களுக்கு ஃப்ரீயா கேரம் சொல்லித் தர்றாரு. வியாசர்பாடில அந்த ஏரியா ஆளுங்களே பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றது வருஷக்கணக்கா நடக்குது. இதை யாரும் போதை தடுப்புத் திட்டம்னு சொல்றதில்ல. என்னைக் கேட்டா இதுதான் அசல் திட்டம். சாயங்காலம் பேர் சொல்லிக் கூப்பிட, ரெண்டு நாள் வரலைன்னா வீட்டுக்கு வந்து விசாரிக்க ஒரு பெரிய மனுஷன் அங்க இருக்கான்.

நம்ம ஊர் கவர்மென்ட் ஸ்கூல் பலதுல பெரிய கிரவுண்டு இருக்கு, அஞ்சு மணிக்கு பூட்டு. ஹெச்எம் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு, தொறந்து வெச்சா ராத்திரி குடிகாரனுங்க வந்து பாட்டிலை ஒடச்சுப் போட்டுட்டு போறாங்க, பதில் சொல்ல வேண்டியது அவங்கதான். அதனாலதான் கிரவுண்டுக்கு பொறுப்பா ஆளுங்க வேணும்னு சொல்றேன். ரிட்டையர் ஆன பி.டி. மாஸ்டர், பழைய மாணவருங்க, லீவு நாள்ல அப்பாமாருங்க. பொண்ணுங்களுக்கும் தனியா நேரம் ஒதுக்கணும், கிரவுண்டுன்னாலே பசங்களுக்குன்னு விட்டுடக்கூடாது.

ஏற்கனவே மாட்டிக்கிட்ட பையனுக்கு டிசி மட்டும் குடுத்துடாதீங்க. ஸ்கூலும் போச்சுன்னா நாள் பூரா அவன் விக்கறவன் கையிலதான் இருப்பான். 14446க்கு கூப்பிட்டா இலவசமா கவுன்சலிங்கும், எங்க ட்ரீட்மென்ட் கிடைக்கும்ங்கிற விவரமும் சொல்லுவாங்க. அடிச்சு திருத்தலாம்னு நெனைக்கிற அப்பாக்கள் தயவுசெஞ்சு ஒரு தடவை அந்த நம்பருக்கு பேசுங்க.

ஆகஸ்ட் 15 கிராம சபை வருது. ஸ்கூல் கிரவுண்டை சாயங்காலம் அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும் தொறந்து வைக்கணும், லைட்டுக்கு கரண்ட் பில்லை ஊராட்சி ஏத்துக்கணும், பள்ளி மேலாண்மைக் குழு பேர்ல பொறுப்பாளருங்க லிஸ்ட் போடணும்னு ஒரு தீர்மானம் எழுதிக் குடுக்கப் போறோம். டவுன்ல இருக்கறவங்க உங்க வார்டு கவுன்சிலரை புடிங்க. தீர்மானம் எழுத மாதிரி வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, அனுப்பறேன்.