பிரதேச சபைக் கணக்கை யார் கேட்கலாம்?

சபையின் செலவு விபரங்களை உறுப்பினர்கள் மட்டும்தான் கேட்கலாம், பொதுமக்கள் கேட்பதென்றால் தவிசாளரின் அனுமதியும் தகுந்த காரணமும் வேண்டும் என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி, இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு, 2025 மே தேர்தல் வரை நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் தெரிவான உறுப்பினர்களே இருக்கவில்லை. அப்போதும் செலவு நடந்தது, கேட்கும் உரிமையும் மக்களிடம் இருந்தது. எந்தக் கட்சி சபையைப் பிடித்தாலும் இது மாறாது.

சந்தேகம் இருந்தால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் சட்டத்தைத் திறந்து 24(5) ஆம் பிரிவைப் பாருங்கள். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அங்கேயே இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களும் சட்டத்துக்குள் வருகின்றன என்பது 43 ஆம் பிரிவில் இருக்கிறது. அல்லது நேரடியாகவே உங்கள் சபையின் தகவல் அலுவலரிடம் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். எழுத முடியாத முதியவர்கள் வாய்மூலமாகவும் கேட்கலாம், எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.