பைசா கோபுரத்துக் கதையைக் கொஞ்சம் இறக்கி வைப்போம்

கலிலியோ பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் ஏறி, ஒரு பெரிய குண்டையும் ஒரு சின்னக் குண்டையும் கீழே போட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. கனமானதுதான் வேகமாக விழும் என்ற அரிஸ்டாட்டிலின் 2,000 ஆண்டு ஆட்சி அந்த ஒரே சத்தத்தில் முடிந்தது. இயற்பியல் பிறந்த கதை என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்தது இதுதான். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கதையை வகுப்பறையிலிருந்து மரியாதையாக வழியனுப்பிவிடலாம். அது நடந்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். இயற்பியல் எப்படி வேலை செய்கிறது என்பதை அது தலைகீழாகக் காட்டுகிறது என்பதுதான் என் புகார்.

இரண்டாம் பட்சத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கலிலியோ பைசா பல்கலைக்கழகத்தில் கற்பித்தது 1589 முதல் 1592 வரை. கோபுரக் கதையை எழுதிய வின்சென்சோ விவியானி பிறந்ததே 1622இல். கலிலியோவின் கடைசி ஆண்டுகளில் உடனிருந்த சீடர் அவர். குருவின் வாழ்க்கை வரலாற்றை 1654இல் எழுதினார். அது அச்சேறியது 1717இல். அப்படி ஒரு சோதனையைப் பைசா கோபுரத்தில் செய்ததாகக் கலிலியோ தன் நூல்கள் எதிலும் சொல்லவில்லை. பைசாவில் இருந்த காலத்தில் அவர் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால், வெவ்வேறு அடர்த்தி கொண்ட பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் விழும் என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே குண்டு போட்டவர் ஒருவர் உண்டு. நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின், ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகையின் மேல் போட்டு, இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டது என்று 1586இலேயே அச்சிட்டுவிட்டார். பாவம், அவருக்குக் கதை சொல்ல ஒரு விவியானி அமையவில்லை.

இனி என் புகாருக்கு வருகிறேன். இந்தக் கதை அரிஸ்டாட்டிலை முட்டாளாக்குகிறது. ஒரு குண்டை எடுத்துக் கீழே போட்டுப் பார்க்கக்கூடத் துப்பில்லாத ஒரு கிழவரை உலகம் 2,000 ஆண்டுகள் நம்பியது என்றால், அந்தக் காலத்தவர் அத்தனை பேரும் மூடர்கள் என்றாகிறது. அப்படி நம்புகிற மாணவனுக்கு வரலாறும் புரியாது, இயற்பியலும் புரியாது.

அரிஸ்டாட்டில் சொன்னது என்ன? கனமான பொருள் வேகமாக விழும். சுற்றியிருக்கும் ஊடகம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மெதுவாக விழும். ஒரு பொருளைத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஓடும். தள்ளுவதை விட்டால் நிற்கும். மழையைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தூறல் துளி வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. 5 மில்லிமீட்டர் பெருந்துளி சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து அறைகிறது. கனமானது வேகமாகத்தான் விழுகிறது! கெட்டியான எண்ணெயில் ஒரே அளவுள்ள சிறு குண்டுகளைப் போட்டால், மிதப்பு விசையைக் கழித்த பிறகு மிஞ்சும் எடை எந்த விகிதத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் அவற்றின் வேகமும் இருக்கும். காற்றும் தண்ணீரும் சூழ்ந்த இந்த உலகத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய மனிதர் அவர். அவர் எழுதியது, தடை மிகுந்த ஊடகத்தில் ஒரு பொருள் இறுதி வேகத்தை, அதாவது தடை எடையை ஈடுகட்டி மேற்கொண்டு கூடாமல் நிற்கும் வேகத்தை, அடைந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல தோராயம். இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ ரொவெல்லி இதை விரிவாகவே வாதிட்டிருக்கிறார். நான் அவர் பக்கம்.

வெற்றிடம் பற்றிய அரிஸ்டாட்டிலின் வாதமும் அழகானது. ஊடகத்தின் தடை குறையக் குறைய வேகம் கூடுகிறது. வெற்றிடத்தில் தடை பூஜ்யம். ஆகவே வேகம் எல்லையில்லாமல் போக வேண்டும். அது நடக்காத காரியம். ஆகவே வெற்றிடமே இருக்க முடியாது. முதல் அடி தவறு, நடை சுத்தம். என் வகுப்பில் எத்தனை பேர் இப்படி ஒரு வாதத்தைக் கட்டுவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் உண்மையில் தடுமாறிய இடம் வேறு. வில்லை விட்டுப் பிரிந்த அம்பு ஏன் தொடர்ந்து ஓடுகிறது? தள்ளுவதற்குத்தான் யாரும் இல்லையே. பின்னாலிருக்கும் காற்று தள்ளுகிறது என்றார். இந்த இடத்தில்தான் அவர் கட்டடம் விரிசல் விட்டது, அதுவும் கலிலியோவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஜான் பிலோப்பனஸ் கேட்டார்: காற்றுதான் தள்ளுகிறது என்றால் வில் எதற்கு? அம்பை ஒரு கோலின் நுனியில் வைத்து, எத்தனை பொறிகளைக் கொண்டு பின்னாலிருந்து காற்றடித்தாலும் அது ஒரு முழம்கூட நகராதே. எறிபவர் அம்புக்குள் ஏதோ ஒரு சக்தியைச் செலுத்துகிறார் என்பது அவர் பதில். அதோடு நிற்கவில்லை. எடையில் பெரிதும் மாறுபட்ட இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து போட்டால், அவை விழும் நேரத்தில் வித்தியாசம் மிகச் சிறிதுதான் என்றும் எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் அவரைக் கடுமையாகத் திட்டிய அரிஸ்டாட்டில் பக்தர் ஒருவரின் பெயர் சிம்பிளிசியஸ். பிற்காலத்தில் கலிலியோ தன் உரையாடல் நூல்களில் அரிஸ்டாட்டில் கட்சிக்காரராக வரும் பாத்திரத்துக்கு வைத்த பெயர் சிம்பிளிசியோ. பழைய கணக்கு எதுவும் வீண் போகவில்லை.

பிறகு 11ஆம் நூற்றாண்டில் பாரசீக அறிஞர் இப்னு சீனா வந்தார். எறியப்பட்ட பொருளுக்குள் ஏறும் உந்துதல் தானாகத் தீராது, வெற்றிடத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ழான் பூரிடான் பம்பரத்தைக் காட்டிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த வாதம். பம்பரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. எந்தக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து அதைத் தள்ளும்? ஒரே பம்பரத்தில் அரிஸ்டாட்டிலின் காற்று இறங்கிப் போயிற்று. அதே நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள், சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தொலைவு, அதன் சராசரி வேகத்தில் அதே நேரம் ஓடினால் கடக்கும் தொலைவுக்குச் சமம் என்று கண்டுபிடித்தார்கள். பாரிஸில் நிக்கோல் ஒரேம் அதற்குப் படம் வரைந்தே நிரூபணம் கொடுத்தார். நாம் இன்று பலகையில் வரைகிற வேகம்-காலம் வரைபடத்தின் முன்னோடி அது.

ஆக, 1350 வாக்கில் கலிலியோவுக்கு வேண்டிய கணிதம் ஏறக்குறைய முழுவதும் மேசைமேல் தயார். இருந்தும் விழுகிற கல்லுக்கு அதைப் பொருத்தி அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெப்பம் கூடுவதையும் வெண்மை கூடுவதையும், ஏன், மனிதரின் அன்பு கூடுவதையும்கூட அதே கணக்கில் ஆராய்ந்தார்கள். அது ஓர் அறிவு விளையாட்டாகவே இருந்தது. 1551இல் ஸ்பெயினின் தொமிங்கோ தெ சோட்டோ, தானே விழும் பொருள் இப்படித்தான் சீராக வேகம் கூடி விழுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். அளவீடு ஏதும் கிடையாது.

இங்கே இன்னொரு கட்சியையும் தொட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் வந்து நிற்பார்கள். இந்தியாவின் வைசேடிகம் என்ற தத்துவ மரபில் பிரசஸ்தபாதர், பொருள் விழுவதற்குக் குருத்துவம் (கனம்) என்ற பண்பே காரணம் என்றும், அம்பு தொடர்ந்து ஓடுவதற்கு அதில் பதிந்த வேகம் என்ற சம்ஸ்காரம் காரணம் என்றும் எழுதியிருக்கிறார். உண்மை; உயர்ந்த சிந்தனை; பூரிடானோடு தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் பூரிடானிடமே இல்லாத அளவீட்டை அவரிடம் தேடி, ‘நியூட்டனுக்கு முன்பே’ என்று பதாகை பிடிப்பது அவருக்கும் மரியாதை இல்லை, நியூட்டனுக்கும் இல்லை.

ஏன் யாரும் அளக்கவில்லை? நேரத்தை அளக்க வழியில்லை என்பதே பெரிய காரணம். பைசா கோபுரத்தின் உயரம் சுமார் 56 மீட்டர். அங்கிருந்து போட்ட குண்டு மூன்றரை வினாடிக்குள் தரையில் இருக்கும், கடைசியில் மணிக்கு 120 கிலோமீட்டரை நெருங்கிய வேகத்தோடு. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் தவறும் கடிகாரங்கள் இருந்த காலம் அது. கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கு ‘ஏறக்குறைய ஒன்றாக விழுந்தன’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்த அளவு பிலோப்பனஸுக்கே தெரிந்திருந்தது. கோபுரச் சோதனை உண்மையாகவே நடந்திருந்தாலும் அதிலிருந்து ஒரு விதி பிறந்திருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விதி பிறந்த இடம் பைசாவுக்குப் பிறகு கலிலியோ கற்பித்த படுவா நகரம், 1592க்கும் 1610க்கும் இடையில். பிறந்தது ஒரு மரச் சட்டத்தின் மேல். 1638இல் லைடன் நகரில் அச்சான தன் கடைசிப் பெரிய நூலில் கலிலியோ அதை வர்ணிக்கிறார். 12 முழ நீளம், அவர்கள் ஊர் முழத்துக்கு ஏறக்குறைய 7 மீட்டர். அதன் விளிம்பில் ஒரு விரலைவிடச் சற்றே அகலமான நேரான பள்ளம். உள்ளே வழவழப்பான தோல்தாள் ஒட்டியிருக்கிறது. நன்கு உருண்ட, மெருகேற்றிய வெண்கலக் குண்டு. சட்டத்தின் ஒரு முனையை ஒன்று அல்லது இரண்டு முழம் உயர்த்தி உருட்டிவிட வேண்டும். செங்குத்தாக ஒன்றேகால் வினாடிக்குள் விழுந்து முடிகிற தொலைவை, ஒரு முழச் சாய்வில் குண்டு சுமார் 5 வினாடி எடுத்துக்கொண்டு கடக்கும். கலிலியோ காலத்தைப் பிடித்து அளக்கவில்லை, வீழ்ச்சியை நிதானப்படுத்தினார். என்னைக் கேட்டால், அவருடைய மேதைமை மொத்தமும் இந்த ஒரு தந்திரத்தில் இருக்கிறது.

அந்த 5 வினாடியையும் அளக்க வேண்டுமே? ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர், அடியில் மெல்லிய குழாய். குண்டு உருளத் தொடங்கும்போது குழாயைத் திறந்து, முடியும்போது மூடி, கோப்பையில் விழுந்த தண்ணீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார், பொற்கொல்லர் பொடிப்பொன்னை நிறுப்பது மாதிரி. நூறு தடவை செய்தும், நாடித் துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் வரவில்லை என்கிறார். கிடைத்த விடை: நேரம் இரண்டு மடங்கானால் தொலைவு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. அடுத்தடுத்த சம நேரங்களில் கடந்த தொலைவுகள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாக ஏறுகின்றன.

இதை நம்ப மறுத்தவர்களும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பெரிய அறிவியல் வரலாற்றாசிரியர் அலெக்ஸாந்தர் கொய்ரே, இந்தத் தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு எந்த விதியையும் நிறுவ முடியாது, கலிலியோ சிந்தித்தே கண்டுபிடித்துவிட்டுச் சோதனையை அலங்காரத்துக்குச் சேர்த்திருக்கிறார் என்கிற தோரணையில் கேலி செய்தார். 1961இல் தாமஸ் செட்டில் என்ற ஆய்வு மாணவர் ஒரு பலகை, ஒரு குண்டு, ஒரு தண்ணீர்ப் பாத்திரம் வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தார். கலிலியோ சொன்ன துல்லியம் சுலபமாகவே கிடைத்தது. பேராசிரியரின் கேலிக்கு மாணவர் கொடுத்த அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கிறது.

ஆனால் கலிலியோ வழுக்கியதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். 1604இல் நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் ஒற்றைப்படை எண் வரிசை சரியாகவே இருக்கிறது. அதற்குச் சொன்ன காரணம் தவறு: வேகம் கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்று எழுதினார். வேகம் கூடுவது கழிந்த நேரத்துக்கு ஏற்ப என்று தெளிவதற்கு அவருக்கே மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 1632இல் வெளிவந்த நூலில், 100 முழ உயரத்திலிருந்து இரும்புக் குண்டு 5 வினாடியில் விழும் என்றார். அது மூன்றரை வினாடிக்குள் விழுந்துவிடும். விகிதம் சரி, எண் தவறு. அந்த எண்ணைத் திருத்தியவர்களில் ஒருவர் ரிச்சோலி என்ற இயேசு சபைத் துறவி. பூமி சுற்றுகிறது என்பதை ஏற்காத, கலிலியோவின் எதிரணிக்காரர். சக துறவிகளை உட்கார வைத்து 24 மணி நேரம் ஊசலின் அலைவுகளை எண்ண வைத்து, அந்த ஊசலைக் கொண்டு பொலோனியாவின் அசினெல்லி கோபுரத்தில் குண்டுகளைப் போட்டு அளந்தார். கலிலியோவின் ஒற்றைப்படை வரிசை சரியே என்று 1651இல் அச்சிட்டார். எதிர்க்கட்சிக்காரர் அளந்து பார்த்து ‘ஆம்’ என்று கையெழுத்துப் போட்ட கோபுரக் கதை இது. பைசா கதைக்குப் பதிலாக இதை ஏன் நாம் சொல்வதில்லை?

இன்னொன்று. ஏன் வேகம் கூடுகிறது என்ற கேள்வி எழும்போது, அதை ஆராய இது நேரமில்லை என்று கலிலியோ தன் பாத்திரத்தின் வாயால் ஒதுக்கிவிடுகிறார். எப்படி விழுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அடித்தளம் இல்லாமல் கட்டியிருக்கிறார் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் அதற்காகவே அவரைக் குறை சொன்னார். எனக்கு டெகார்ட்டின் முழுமையைவிடக் கலிலியோவின் அடக்கம் மேல். காரணத்தைத் தேடுவதற்கு 1687இல் நியூட்டன் வந்தார். அவரும் ஈர்ப்பின் விதியைச் சொன்னாரே தவிர, ஈர்ப்பு எதனால் என்று கேட்டவர்களுக்குக் கையை விரித்தார்.

இதெல்லாம் எதற்கு என்றால், என் மாணவர்கள் அத்தனை பேரும் அரிஸ்டாட்டிலும் பூரிடானும்தான். ஒரு நாணயத்தை நேராக மேலே சுண்டிவிட்டு, அது மேலே போகும்போது அதன்மேல் செயல்படும் விசைகள் எவை என்று கேளுங்கள். காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால் ஈர்ப்பு விசை ஒன்றுதான். பெரும்பாலான பிள்ளைகள் கையிலிருந்து கிளம்பிய ஒரு மேல்நோக்கிய விசை, போகப் போகக் குறைகிறது என்பார்கள். பிலோப்பனஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசுர் இப்படிப்பட்ட கேள்விகளைக் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். ஹார்வர்டுக்கே அந்தக் கதி என்றால், ‘எஸ் ஈகுவல் டு யுடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர்’ என்று தொலைவுச் சூத்திரத்தை ஒப்பிக்கும் நம் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரிஸ்டாட்டிலை ஒரு குண்டுச் சத்தத்தில் துரத்திவிட்டோம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அவர் அவர்கள் தலைக்குள் சௌகரியமாகக் குடியிருக்கிறார்.

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பார்கள் சக ஆசிரியர்கள். ஒரு பாடவேளை போதும். மின்கம்பியை மூடப் பயன்படும் பிளாஸ்டிக் பட்டை இரண்டு மீட்டர், ஒரு கோலிக்குண்டு, நாலு துண்டு நூல். பட்டையை லேசாகச் சாய்த்து, நூல்களைச் சம இடைவெளியில் குறுக்கே கட்டி, குண்டை உருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். ‘டிக்’ சத்தங்கள் வரவர நெருங்கும். தாளம் ஒரே சீராகக் கேட்கும்வரை நூல்களை நகர்த்தச் சொல்லுங்கள். பிள்ளைகளின் காது இதில் கெட்டி. கலிலியோவின் தந்தை வின்சென்சோ வீணை போன்ற லூட் என்ற கருவியை வாசித்தவர் என்பதால், மகனும் இப்படித் தாளத்தைக் கேட்டே அளந்திருக்கலாம் என்று ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் வாதிட்டதுண்டு. தாளம் சீரான பிறகு அளவுகோலைக் கையில் கொடுங்கள். கிளம்பிய இடத்திலிருந்து முதல் நூல் 10 சென்டிமீட்டரில் இருந்தால், அடுத்தவை 40, 90, 160ஐ ஒட்டி வந்து நிற்கும். சூத்திரத்தை அன்றைக்கு எழுதிப்போட வேண்டாம், மறுநாள் அவர்களே கேட்பார்கள்.