மேடையை விட்டு இறங்கி, மாட்டுக்கு அருகில் வாருங்கள்

2026ஆம் ஆண்டை ஐ.நா. சபை பெண் விவசாயிகளுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டும் அதுவேதான். ஆகவே, மாடு வளர்க்க வரும் பெண்களுக்கான கருத்தரங்குகளுக்குப் பஞ்சம் இருக்காது. இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது நிகழ்ச்சி நிரலைத்தான். காலையில் தன்னம்பிக்கை உரை, பிறகு சாதனைப் பெண்களின் அனுபவப் பகிர்வு, மாலையில் சான்றிதழும் குழுப் படமும். மாடு எப்போது வரும்? பெரும்பாலும் வராது.

பண்ணையில் பிறந்த பையனுக்கு யாரும் தன்னம்பிக்கை உரை நிகழ்த்துவதில்லை. மாட்டைப் பிடிக்கச் சொல்கிறார்கள். தப்பவிட்டால் திட்டுகிறார்கள், மறுபடி பிடிக்கச் சொல்கிறார்கள். தன்னம்பிக்கை அப்படித்தான் வருகிறது. அதே வீட்டுப் பெண் கொட்டில் கழுவுகிறாள், கன்றுக்குப் பால் புகட்டுகிறாள், நோய்ப்பட்ட மாட்டின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கிறாள். எந்த மாட்டை விற்பது, எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது என்ற பேச்சு எழும்போது மட்டும் அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடுகிறது.

அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. 2012ஐவிட 2017இல் பெண் பண்ணையாளர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 27 விழுக்காடு கூடி, மொத்தப் பண்ணையாளர்களில் 36 விழுக்காட்டைத் தொட்டது. ஐந்தாண்டில் பெண்கள் படையெடுத்து வந்துவிட்டார்களா என்ன? கேள்வித்தாளை மாற்றினார்கள். பண்ணை முடிவுகளில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்று விரிவாகக் கேட்டார்கள். ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் கணக்கில் ஏறினார்கள்.

கற்றல் என்று நான் சொல்வது இதைத்தான். தலையீற்றுக் கிடேரி கன்று ஈன முக்குகிறது. முன்னங்கால் குளம்புகள் இரண்டும் கீழ்நோக்கி, அவற்றின் மேல் மூக்கு என்று வந்தால் கன்று சரியான நிலையில் இருக்கிறது. குளம்பின் அடிப்பக்கம் மேலே தெரிந்தால் அவை பின்னங்கால்களாக இருக்கலாம், அல்லது கன்று புரண்டு கிடக்கலாம். கையை உள்ளே விட்டு மூட்டைத் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இழுக்க வேண்டி வந்தால், தாய் முக்கும்போது மட்டும், ஒரு கால், பிறகு மறு கால் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டு மருத்துவரை அழைப்பது என்பதும் இதில் அடக்கம். இதை எந்தத் திரையிலும் காட்டிக் கற்றுக்கொடுக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் மூத்தவர் தன் கையைக் கட்டிக்கொண்டு, "நீயே பார்" என்று சொல்ல வேண்டும். நமக்குப் பற்றாக்குறை அந்த மூத்தவர்கள்தான்.

உடல் வலு வேண்டுமே என்பார்கள். ஐந்நூறு கிலோ மாட்டை எந்த ஆண் பலத்தால் வென்றிருக்கிறான்? மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நெருங்கினால் அது முன்னே நகரும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். நிற்கும் இடம் தெரிந்தவருக்குக் கம்பும் கூச்சலும் தேவையில்லை. வேலியில் தொங்கும் ஒரு சட்டை, தரையில் விழும் ஒரு நிழல்கூட மாட்டை மிரட்டும் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அமெரிக்க விலங்கு நடத்தை அறிஞர் டெம்பிள் கிராண்டின். 1970களில் அரிசோனாவில் வேலை தொடங்கியபோது, பெண் என்பதற்காகவே தன்னைத் தடுத்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அமெரிக்க இறைச்சிக்கூடங்கள் பலவும் அவருடைய வடிவமைப்புகளைப் பின்பற்றின.

பண்ணையின் கணக்கு வழக்கைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2003இல் அமெரிக்காவின் இல்லினாயில் ரூத் ஹாம்பிள்டன் தொடங்கிய 'ஆனிஸ் புராஜெக்ட்' என்ற பயிற்சித் திட்டம் பண்ணைப் பெண்களுக்குக் கடன், சொத்துரிமை, இடர் மேலாண்மை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறது. அது கணக்கெழுதும் பயிற்சி மட்டுமல்ல, முடிவெடுக்கும் பயிற்சி. அந்த நாட்டில் கடன் வழங்குவதில் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டமே 1974இல்தான் வந்தது. அதற்கு முன் கணவரின் கையொப்பம் கேட்ட வங்கிகள் உண்டு. நிலமும் மாடும் யார் பெயரில் என்பதை முதல் நாளே பேசாத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

பலரும் தொடாத ஒன்று உடல்நலம். மாடுகளுக்குச் சினைப்பருவம் ஒரே சமயத்தில் வரப் போடும் புராஸ்டாகிளாண்டின் என்ற ஊசி மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும். கருவுற்றிருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. மருந்துக் குப்பியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது, அதை வாசித்துக் காட்டும் பயிற்சியாளர்தான் அரிது. கன்று வீசிய, அதாவது கருச்சிதைந்த, மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புரூசெல்லா கிருமி தொற்றக்கூடும். கையுறை வாங்கும்போது பெண்களின் கைக்குப் பொருந்தும் அளவும் வாங்குங்கள். பெரிய கையுறையோடு கன்றின் காலைத் தடவி அறிய முடியாது.

பெண்களுக்கு மட்டுமான முகாம் தேவையா என்று கேட்டால், தொடக்கத்தில் தேவை என்பேன். தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது, ஏலக் களத்தில் எல்லோரும்தான் நிற்பார்கள். பண்ணையிலேயே தங்கி, ஒரு பருவம் முழுக்கச் சம்பளத்தோடு வேலை பழகும் முறைதான் எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் குவிவிரா கோலிஷன் என்ற அமைப்பு இளையோரை இப்படித்தான் பண்ணைகளில் சேர்த்துவிடுகிறது. சம்பளம் இல்லையென்றால் அதற்குப் பெயர் பயிற்சி அல்ல, இலவச உழைப்பு.

சேரப்போகிறவர்கள் நேராகக் கேட்டுவிடுங்கள். தங்குமிடக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? ஈற்றுக் காலத்தில் இரவுக் காவல் எனக்கும் உண்டா? விற்கவும் வாங்கவும் போகும்போது என்னையும் அழைத்துப் போவீர்களா? பதிலில் மழுப்பல் தெரிந்தால் வேறு பண்ணையைப் பாருங்கள்.