சமசமாஜிகள் ஒரு காலத்தில் எங்களுக்கும் உரியவர்களாக இருந்தார்கள்

இலங்கையின் 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் இடதுசாரிக் கூட்டணியான தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் அதுவே முதலிடம். அன்றிலிருந்து, "தமிழ் மக்கள் முதல்முறையாக இடதுசாரிகளை நம்பியிருக்கிறார்கள்" என்ற வரி கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. 1956இலேயே பருத்தித்துறை மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதற்கும் முன்பு, 1947இல், கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் தாத்தா இடதுசாரி வேட்பாளருக்கு வாக்களித்தார். அதன் பிறகு சாகும்வரை அவருக்கு வாக்கு இருக்கவில்லை.

தாத்தா யாரை நம்பி வாக்களித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் தொடங்கியது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சில இளைஞர்களின் கட்சி. அடுத்த ஆண்டே பிலிப் குணவர்தனவும் என்.எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாட நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. சிங்களச் சட்டத்தரணி ஒருவர், தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்காக, வெள்ளைக்காரத் துரைமாரையும் பொலிசையும் எதிர்த்து நின்றார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த ஒருவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டில் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1942இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போய், அங்கும் வெள்ளையனுக்கு எதிராக வேலை செய்தார்கள்.

1947 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கு 10 ஆசனங்கள். அப்போது தனியாகப் பிரிந்திருந்த கொல்வினின் போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சிக்கு 5, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3. தோட்ட மக்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அது போட்டியிடாத தொகுதிகள் பலவற்றில் எங்கள் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்ததோ 42தான். அடுத்த ஆண்டே, இந்திய வம்சாவளித் தோட்ட மக்களான எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. எங்களை வெளியே தள்ளினால் இடதுசாரிகளின் காலும் உடையும் என்று ஐக்கிய தேசியக் கட்சிப் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவுக்கு நன்றாகத் தெரியும். சமசமாஜிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்தே நின்றார்கள். அந்தக் கடனை நான் மறக்கவில்லை.

1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகவும் வாக்களித்தார்கள். "ஒரு மொழியென்றால் இரு நாடு, இரு மொழியென்றால் ஒரு நாடு" என்று கொல்வின் சொன்னது அப்போதுதான். இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து என்ற கோரிக்கையை எந்தச் சிங்கள வாக்காளனும் கேட்கத் தயாராக இல்லாத காலம் அது. அப்படியும் அந்த ஆண்டுத் தேர்தலில் 14 ஆசனங்கள் கிடைத்தன. சுதந்திரக் கட்சித் தலைவர் பண்டாரநாயக்கவோடு செய்துகொண்ட போட்டித் தவிர்ப்பு உடன்பாடு உதவியது உண்மைதான். ஆனாலும் கொள்கையை விற்காமல் பெற்ற 14 அது.

விற்றது 1964இல். ஜூன் மாதம் சுதந்திரக் கட்சிப் பிரதமர் சிறிமாவோவின் அரசில் என்.எம். நிதியமைச்சரானார். எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் எதிர்த்துக் கட்சியை விட்டு வெளியேறினார்கள். ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்களை மூட்டைக் கணக்கில் பிரித்த ஒப்பந்தம். அதைச் செய்த அமைச்சரவையில், 1948இல் எங்களுக்காகப் பேசிய கட்சி உட்கார்ந்திருந்தது. பெரியப்பா குடும்பம் இராமானுஜம் கப்பலில் தலைமன்னாரிலிருந்து போனது அந்தக் கணக்கில்தான்.

1966 ஜனவரி 8 அன்று, தமிழுக்குக் கொஞ்சம் இடம் தரும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துச் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். "டட்லியின் வயிற்றில் மசாலா வடை" என்று, தமிழுக்கு இடம் கொடுத்த பிரதமர் டட்லி சேனாநாயக்கவைக் கேலி செய்து அந்நாளில் எழுந்த கோஷத்தை எந்தத் தோழர் எப்படி விளக்கினாலும் என்னால் ஏற்க முடியாது. பிறகு 1972. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தந்த சிறுபான்மைக் காப்பை எடுத்துவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பு வந்தது. அதை ஆக்கும் பொறுப்பிலிருந்த அமைச்சர், கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய அதே கொல்வின்.

"சிங்கள வாக்காளரை விட்டு விலகினால் கட்சி அழிந்திருக்கும், வேறு வழி இல்லை" என்று பழைய தோழர்கள் சொல்கிறார்கள். தேர்தல் முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை. கூட்டரசாங்கத்தில் சேர்ந்த பிறகு வந்த 1965 தேர்தலில் 10 ஆசனங்கள். 1970இல் 19, அதுவும் சிறிமாவோவின் அலையில் ஏறிப் பெற்றது. 1975இல் அவரே இவர்களை அரசிலிருந்து வெளியேற்றினார். 1977இல் ஒரு ஆசனம்கூட இல்லை, என்.எம்., கொல்வின் இருவருமே தோற்றார்கள். என்.எம். ஒரு காலத்தில் வகித்த எதிர்க்கட்சித் தலைவர் பதவி, தனிநாடு கேட்டு வென்ற அமிர்தலிங்கத்துக்குப் போனது. ஒரு மொழியென்றால் இரு நாடு என்று எச்சரித்தவர்கள், அந்த ஒரு மொழிக்கு யாப்பெழுதிக் கொடுத்த பிறகு வந்த முதல் தேர்தல் அது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அப்பாவுக்கு வாக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 40 வயது கடந்திருந்தது. 2024இல் அவரும் நானும் ஒரே வாக்குச்சாவடியில் வரிசையில் நின்று தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்கு வாக்களித்தோம். அதை நம்பிக்கையோடுதான் செய்தோம். புதிய அரசியலமைப்பு கொண்டுவருவோம் என்று அவர்கள் வாக்குறுதி கொடுத்திருக்கிறார்கள். அந்த வரைவு என்றைக்கு வெளியானாலும், 1972இல் எடுத்துப்போன அந்தக் காப்பு திரும்ப வந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.