அடக்கி வாசித்த சார்லி

"கொஞ்சம் அடக்கி வாசி"ன்னு நம்ம ஊர்ல யாராவது சொன்னா அது மிரட்டல். ஓவரா ஆடாதே, வாலைச் சுருட்டிக்கோன்னு அர்த்தம். ஆனால் அடக்கி வாசிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வருஷம் ஒரு பேண்டைத் தாங்கிப் பிடித்த மனுஷன் ஒருவர் இருந்தார். இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸ். 1963 ஜனவரியில் வந்து உட்கார்ந்தவர், 2021 ஆகஸ்டில் சாகும்வரை அந்த இடத்தை விடவில்லை.

போன வாரம் டீக்கடையில் நண்பர் ஒருவர், "அப்படி என்னய்யா வாசிச்சுட்டாரு? டும் டக், டும் டக். ரெண்டு மாசம் கிளாஸ் போன பையன் வாசிச்சுடுவான்" என்றார். டீ ஆறியதுதான் மிச்சம், விவாதம் முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

உட்கார்ந்த இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். வலது கையால் தொடையில் ஒரே சீராக எட்டுத் தட்டு தட்டுங்கள். மூன்றாவது தட்டிலும் ஏழாவது தட்டிலும் இடது கையும் சேர்ந்து விழட்டும். வலது கை ஹை-ஹாட் (ஜால்ரா மாதிரி ஜோடி சிம்பல்), இடது கை ஸ்னேர் ('டக்'கென்று ஒலிக்கிற டிரம்). ராக் பாட்டு முக்கால்வாசி இந்த அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது. இப்போது அதே மூன்றிலும் ஏழிலும் வலது கையைத் தூக்கிவிடுங்கள். இடது கை மட்டும் விழ வேண்டும். என்ன, கை முரண்டு பிடிக்கிறதா? எனக்குப் பிடிபடவே இரண்டு வாரம் ஆனது. சார்லிக்கு அதுதான் இயல்பு. பழைய நேரலை வீடியோ எதையாவது போட்டு அவர் வலது கையை மட்டும் பாருங்கள். ஸ்னேர் விழும்போதெல்லாம் ஹை-ஹாட்டிலிருந்து கை விலகி, அந்தரத்தில் நின்று, திரும்ப வரும்.

கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 120 அடி ஓடும் நாலு நிமிடப் பாட்டில் 240 தட்டுகளைத் தட்டாமலே விட்டிருக்கிறார். அதனால் என்ன கிடைத்தது? ஸ்னேர் விழும் நொடியில் மேலே சிம்பலின் 'ஸ்ஸ்' சத்தம் கிடையாது. அந்த அடி தனியாக, பளிச்சென்று விழும். கை விலகித் திரும்பும் நேரத்தில் தாளத்துக்குள் நூலிழை அளவு தயக்கம் வேறு. ஸ்டோன்ஸ் பாட்டென்றால் லேசான தள்ளாட்டத்தோடு, ஆனால் விழாமல் நடந்து வருமே, அந்த நடையில் பெரும்பங்கு இந்த இல்லாத தட்டுகளுடையது என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம். சாதாரணமாக பேண்டில் எல்லோரும் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். இங்கே தலைகீழ். கீத் ரிச்சர்ட்ஸின் ரிதம் கிடார் முன்னால் போகும், சார்லி அதைக் காதில் வாங்கிக்கொண்டு பின்னால் வருவார். அந்தக் குழுவின் பழைய பேஸ் கிடாரிஸ்ட் பில் வைமனே இதைச் சொல்லியிருக்கிறார். நம் கச்சேரி பாஷையில் சொன்னால், நல்ல பக்கவாத்தியம். பாடுகிறவரின் மூச்சைப் பார்த்து வாசிக்கிற ஆள்.

'ஹாங்கி டாங்க் விமன்' (1969) ஆரம்பத்தைக் கேளுங்கள். கௌபெல் மணியைத் தட்டுவது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அதன்மேல் சார்லி நுழைகிற இடம் ஒட்டாது. மணியடித்தவர் தப்பா, தான் நுழைந்தது தப்பா, ஆனால் கீத் சரியாக வந்ததால் எல்லாமே சரியாகிவிட்டது என்கிற மாதிரி சார்லி பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. அந்தப் பாட்டு ஆரம்பித்த வேகத்திலும் முடியாது, போகப் போக ஏறிவிடும். இன்றைக்கென்றால் கம்ப்யூட்டரில் இழுத்து கோட்டுக்குள் உட்கார வைத்திருப்பார்கள். பாட்டு செத்திருக்கும்.

இந்தப் பழக்கமெல்லாம் ஜாஸிலிருந்து வந்தது. லண்டன் பையன். ஜாஸ் டிரம்மர் சிக்கோ ஹாமில்டன் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் வாசித்ததைக் கேட்டு மயங்கி, தன் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தின் கழுத்தைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த வட்டத்தை ஸ்னேராக்கி பிரஷ்ஷால் தேய்த்துப் பழகியவர். முதலில் பார்த்தது விளம்பர நிறுவனத்தில் டிசைனர் வேலை. டூர் போகிற ஊரிலெல்லாம் தான் படுத்த ஹோட்டல் கட்டிலைப் படம் வரைந்து வைத்துக்கொள்வாராம். (ராக் ஸ்டார் ஹோட்டல் அறையில் செய்கிற வேலையா இது!)

மற்ற டிரம்மர்கள் தங்களைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் கிரெட்ச் கம்பெனியின் சின்ன டிரம் செட்டோடு வந்து உட்கார்வார். கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்), ஸ்னேர், இரண்டு டாம் (உருட்டி வாசிக்கிற டிரம்), கொஞ்சம் சிம்பல். 2006இல் ரியோவின் கோப்பகபானா கடற்கரையில் பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள் என்கிறார்களே, அன்றைக்கும் அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் உறைப்பதற்குக் காரணம் உண்டு. காலேஜ் நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு ரோல் உருட்டாவிட்டால் கை அரிக்கும். ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாடகி சரணத்தை எடுக்கிற இடத்தில் மூன்று டாமையும் உருட்டி முடித்தேன். இடைவேளையில் கீபோர்டு அண்ணன் தோளில் கை போட்டு, "தம்பி, பாட்டு அதுபாட்டுக்குப் போகுது. நீ ஏன்டா குறுக்க ஓடுற?" என்றார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

சார்லி எல்லாவற்றையும் வாசித்துவிடுவார் என்றும் சொல்ல மாட்டேன். 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாட்டில் டிரம்ஸ் அவர் இல்லை. அந்த நடை அவருக்குப் பிடிபடாமல் ஜிம்மி மில்லர் உட்கார்ந்து வாசித்ததுதான் ரெக்கார்டில் இருக்கிறது.

2021 டூரிலிருந்து ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கிறார். பெரிய வித்வான், கீத்தோடு பல வருஷம் வாசித்தவர். பாட்டெல்லாம் இப்போது முதுகு நிமிர்த்தி நிற்கிறது. எனக்கு அதுதான் குறை. சாய்ந்து நின்றவனைப் பார்த்துப் பழகிய கண்.

2023இல் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் சார்லி சாவதற்கு முன் வாசித்து வைத்த பாட்டு இரண்டு இருக்கிறது. எவையென்று பார்க்காமல் காதாலேயே பிடிக்கிறேன் பார் என்று வீட்டில் சவால் விட்டு உட்கார்ந்தேன். 'லிவ் பை த ஸ்வோர்ட்' தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கையைத் தூக்கிவிட்டேன். 'மெஸ் இட் அப்'பில் ஏமாந்துபோனேன். அதை டீக்கடை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.