"வைக்க ஒன்றுமில்லை" என்பது சரியில்லை

மேலே எழுதிய நண்பருக்கு: "அந்தக் காலத்துப் பெண்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, சேலத்தில் பெண்கள் வரலாற்றுக்குக் காட்சியகம் வைக்க ஒன்றும் கிடைக்காது" என்கிறீர்கள். இரண்டுமே தவறு.

வை.மு. கோதைநாயகி 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தியவர். தமிழில் பெண்கள் பத்திரிகைகள் அதற்கும் முன்பே உண்டு.

அப்புறம், எழுத்து மட்டும்தான் ஆவணமா? எழுத்தாளர் அம்பை நண்பர்களோடு 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகம், பெண்களின் குரல்பதிவுகள், புகைப்படங்கள், சுவரொட்டிகள் என்று எல்லாவற்றையும் சேர்க்கிறது. அதே வழியில் பார்த்தால் சேலத்தில் எவ்வளவு இருக்கிறது! தறி வீடுகளில் நூல் சுற்றிய பாட்டிகள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்த அக்காக்கள், ஏற்காடு காபித் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள். இவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய ஒரு செல்போன் போதும். பேசுபவரின் பெயர், ஊர், தேதியைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பதிவை எங்கே, யாருக்குக் காட்டலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய படங்கள் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். "மனைவியுடன்" என்று விடாமல், அந்த அம்மாவின் பெயரையும் எழுதுங்கள்.