ஞாயிறு வேகவைத்த கறி, வாரநாளில் சாண்ட்விச்

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அடுப்பு முன்னால் நின்றால்தான் அது சமையல் என்று நம்மில் நிறையப் பேர் இன்னும் நினைக்கிறோம். முதல் நாள் செய்ததைச் சூடுபண்ணிக் கொடுத்தால், பிள்ளைகளுக்கு ஏதோ குறை வைத்துவிட்ட மாதிரி மனசு உறுத்துகிறது. அந்த உறுத்தலே வேண்டாம் என்பது என் கட்சி. நான் குடியிருக்கும் சிகாகோவின் இத்தாலியன் பீஃப் சாண்ட்விச்சையே அதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவேன்.

வசதியானவர்கள் வீட்டில் பிறந்த சாப்பாடு இல்லை அது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குடியேறிய இத்தாலியத் தொழிலாளர்கள், மலிவாகக் கிடைத்த முரட்டுக் கறியை வாங்கி, மணிக்கணக்கில் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, அதன் சாற்றிலேயே நனைத்து ரொட்டிக்குள் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் கொஞ்சம் கறியை நிறையப் பேருக்குப் பரிமாறத்தான் இப்படிச் செய்தார்கள் என்பார்கள். ஒருமுறை சமைத்துப் பலரைச் சாப்பிடவைப்பது இதன் பிறவிக்குணம்.

மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரும் அப்படித்தான். சிகாகோவில் தொழில் நடத்திய இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியாளர் அதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். சனிக்கிழமை ஓய்வு நாளில் சமைக்கக்கூடாது என்பதால், வெள்ளி மாலையே ஓவனில் ஏற்றி இரவெல்லாம் வேகவிடும் சோலன்ட் என்ற உணவைப் பற்றி அவர் அம்மா சொன்ன கதைதான் தூண்டுதல். முன்கூட்டியே சமைத்து வைப்பதற்கென்றே உண்டான பாத்திரம். அதில் சமைத்துவிட்டு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சரி, கறிக்கு வருவோம். கடைகளில் தொடைக்கறியை ஸ்லைசரில் சீவுவார்கள். வீட்டில் அந்த மெஷின் இருக்காது. அதனால் தோள்பட்டைக் கறி, அதாவது சக் ரோஸ்ட் வாங்குங்கள். விலை கூடிய கொழுப்பில்லாத துண்டு வேண்டவே வேண்டாம், எட்டு மணி நேரத்தில் வெறும் சக்கையாகிவிடும். சக் ரோஸ்ட்டில் இருக்கும் சவ்வெல்லாம் மெதுவான சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து சாற்றில் இறங்கும். மறுநாள் ருசி கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றரைக் கிலோ துண்டுக்கு உப்பும் மிளகும் தடவி, எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ குக்கரில் அதைப் போட்டு, பூண்டு, ஆரிகனோ இலைத்தூள், ஒரு கப் பீஃப் பிராத் (மாட்டுக்கறி வேகவைத்த சாறு), ஊறுகாயாகப் போட்ட பெப்பரொன்சினி மிளகாய் கொஞ்சம், அதன் புளிப்புத் தண்ணீரோடு சேருங்கள். குறைந்த சூடான 'லோ'வில் எட்டு மணி நேரம். முள்கரண்டியைக் குத்தித் திருகினால் நார் நாராகப் பிரிய வேண்டும். இழுத்துப் பிடித்தால் பயப்படாதீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்.

எடுத்து வைப்பதில்தான் நிஜமான கவனம் வேண்டும். பிரித்த கறியைச் சாற்றோடு கலந்து, ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அங்கே மூன்று, நான்கு நாள் தாங்கும். மீதியை ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள், சீக்கிரம் உருகும். சாறு இல்லாமல் கறியை மட்டும் உறையவைத்தால் வறண்டுபோகும். திரும்பச் சூடுபண்ண ஸ்லோ குக்கர் ஆகாது, அதில் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும், அதற்குள் கிருமி பெருகிவிடும். சாஸ்பேனில் கொதிக்கவிடுங்கள்.

சாண்ட்விச்சாகவே செய்து அடுக்கி வைக்கலாமே என்று கேட்கிறார்கள். கூடாது, ரொட்டி ஊறிக் கூழாகிவிடும். தோல் கெட்டியான பிரெஞ்சு ரோலை அந்தந்த வேளைக்கு ஓவனில் மொறுமொறுப்பாக்கிக்கொள்ளுங்கள். ஹாம்பர்கர் பன் இந்தச் சாற்றைத் தாங்காது. ஜார்டினியேரா என்ற காரமான காய்கறி ஊறுகாயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், எங்கள் வீட்டில் சின்னவன் அதைத் தொடமாட்டான், பெரியவளுக்கு அது இல்லாமல் இறங்காது. கறி சூடாகிற நேரத்தில் அவளே ரோலைக் கீறி வைத்துவிடுகிறாள். ஆபீஸிலிருந்து நான் வந்த அரை மணி நேரத்துக்குள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம்.